சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை

நான் கட்டிய முதல் சாய்தளம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு. மண்டபத்தின் தரை சாலையிலிருந்து இரண்டரை அடி உயரம். வரைபடத்தில் சாய்தளத்தின் நீளம் முப்பது அடி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வேலை நடக்கும்போது உரிமையாளர் வந்து, "முப்பது அடி விட்டா ரெண்டு கார் நிறுத்துற இடம் போயிடும் சார், கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். பத்தடியில் முடிந்தது. முதல் முகூர்த்தத்துக்கே பெண்ணின் பெரியப்பா சக்கர நாற்காலியில் வந்தார். இரண்டு பையன்கள் பின்னாலிருந்து தள்ள, பாதி வழியில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. யாரோ ஓடிவந்து முன்பக்கத்தை அழுத்திப் பிடித்ததால் கவிழவில்லை. மேலே வந்து சேர்ந்ததும், இன்ஜினியர் நான்தான் என்று தெரிந்துகொண்டு, அவர் சிரித்தபடியே சொன்னார்: "தம்பி, இதுல நான் ஏறல. என்னை ஏத்துனாங்க."

அதற்குப் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று எங்கே எழுதியிருந்தாலும் டேப்பை எடுத்து அளந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அளந்ததில் தெரிந்தது இதுதான்: வரைபடத்தில் நடக்கும் தவறுகள் குறைவு. கார் நிறுத்தும் இடத்துக்கு ஆசைப்படுவது, கதவு நிலை வாங்குவது, டைல்ஸ் ஒட்டுவது, கடைசியில் பூட்டுப் போடுவது, இப்படிச் சைட்டில் நடப்பவைதான் அதிகம்.

இன்ச்சுக்கு ஓர் அடி

சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. இதைக் கொத்தனாரிடம் விகிதமாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். "ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம்" என்று சொன்னால் போதும், அவரே கணக்குப் போட்டுவிடுவார். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் பதினெட்டு அங்குலம், பதினெட்டு அடி. அஸ்திவாரத்தை மூன்றடி தூக்கினால் முப்பத்தாறு அடி. அப்புறம் இடையில் மூச்சு வாங்கச் சமதளம் வேண்டும். 9 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாகச் சாய்தளம் போகக் கூடாது. மேலேயும் கீழேயும் ஒன்றரை மீட்டர் சமதளம் தனி.

நம் ஊரில் தரையை இவ்வளவு தூக்குவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, பத்து வருடத்தில் வீடு பள்ளமாகிவிடுகிறது. அந்தப் பயம் நியாயமானதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றடி தூக்குவது என்று முடிவெடுத்தால், நாற்பது அடியை எங்கே மடக்கி வைக்கப் போகிறோம் என்பதையும் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். சுற்றுச்சுவர் வரை கட்டிவிட்டு, மிச்சமிருக்கும் ஐந்தடியில் சாய்தளத்தைத் திணித்தால் அது டூவீலர் ஏற்றத்தான் உதவும். சாய்தளத்தை மடக்கித் திருப்பினால் திருப்பம் முழுக்கச் சமதளமாக இருக்க வேண்டும். சரிவிலேயே திருப்பினால் நாற்காலியின் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

மேற்பரப்பிலும் கவனம் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று பாலிஷ் போட்ட கிரானைட்டைச் சாய்தளத்தில் பதிக்கிறார்கள். ஒரு தூறல் விழுந்தால் ஊன்றுகோல்காரர் கதி என்ன? அதே கிரானைட்டை நெருப்பில் பொரித்த சொரசொரப்பான வகையில் வாங்கலாம். இன்னொரு பக்கம், சிமென்ட் தளத்தில் கயிறு வைத்து ஆழமாகக் கோடு போடுவது. வண்டிக்கு அது சரி. சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் ஒவ்வொரு கோட்டிலும் குலுங்கும், முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு அந்தக் குலுக்கல் பெரிய வேதனை. சாய்தளத்தின் அடியில் மழைநீர் போக இரும்புக் கிராதி போடுவதானால், கம்பிகள் நாற்காலி போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இடைவெளி 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நெடுக்காகப் போட்டால் முன்சக்கரம் உள்ளே இறங்கி, ஆள் முன்னால் விழுவார்.

கைப்பிடி இரு பக்கமும் வேண்டும். பக்கவாதம் வந்து வலது கை வராதவர் ஏறும்போது இடது பக்கத்தைப் பிடிப்பார். இறங்கும்போது? ஒரு பக்கம் மட்டும் வைத்தால் அவர் மேலேயே இருக்க வேண்டியதுதான். இன்னொன்று, எந்த வழிகாட்டி நூலிலும் நான் பார்க்காதது: மே மாத மத்தியானம், வெயிலில் காய்ந்த எவர்சில்வர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். மேலே ஒரு கூரையாவது போடுங்கள், குழாய்க்கு உறையாவது மாட்டுங்கள்.

மூன்றடிக் கதவு மூன்றடி இல்லை

சைட்டில் "மூணடி கதவு" என்றால் அது நிலையின் வெளி அளவு. இரு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் சட்டத்துக்குப் போனால் மிச்சம் முப்பது. கதவு திறந்து நிற்கும்போது அதன் தடிமனும் கொஞ்சம் தின்னும். 29 அங்குலம் மிஞ்சினால் அதிகம். கழிப்பறைக்கு வைக்கும் இரண்டரை அடிக் கதவில் இதே கணக்கைப் போட்டால் 23. சாதாரண மடக்கு சக்கர நாற்காலியின் அகலமே 25, 26 அங்குலம், அதைத் தள்ளும் கை முட்டிக்கு இடம் தனியாக வேண்டும்.

தேவை 900 மி.மீ., அதாவது ஏறத்தாழ மூன்றடி, முழுக்க வெற்றிடமாக. அதற்கு நிலையின் வெளி அளவு மூன்றே முக்கால் அடியாவது இருக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே ஆசாரியிடம் "திறந்த பிறகு உள்ளே இவ்வளவு" என்று சொல்லுங்கள். வெளி அளவைச் சொல்லாதீர்கள். நிலைக்குக் கீழ்ப்படி வைக்கும் வழக்கத்தையும் பொது இடங்களில் விட்டுவிடலாம். வீட்டில் மஞ்சள் பூசிக் கோலம் போடும் நிலைப்படிக்கு மரியாதை உண்டு. வங்கிக்கும் கிளினிக்குக்கும் அது எதற்கு?

நாலு படி ஏறினால் லிஃப்ட்

சென்னையில் தூண்கள் மேல் நிற்கும் அடுக்குமாடிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். கீழே கார் நிறுத்தம், அங்கிருந்து மூன்று நான்கு படி ஏறினால் லிஃப்ட் வாசல். கேட்டால், "மழைத் தண்ணி லிஃப்ட் குழிக்குள்ள போயிடும் சார்" என்பார்கள். உண்மைதான், போகும். ஆனால் ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடிச் சாய்தளம் ஒரு காரின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தூண்கள் எங்கே வரும் என்று முடிவு செய்யும் நாளிலேயே அதற்கு இடம் ஒதுக்கினால் வரும். பிறகு யாராலும் நுழைக்க முடியாது. அறுபது வயதில் வீடு வாங்கியவர்கள் எழுபதில் அந்த நாலு படியால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

லிஃப்டுக்குள் இப்போது ஒரு புதிய தவறு சேர்ந்திருக்கிறது: தொட்டாலே எரியும் வழுவழு கண்ணாடிப் பலகை. பார்வையற்றவர் விரலால் தடவித்தான் எண்ணைத் தேடுவார். தடவிய இடமெல்லாம் பதிவாகி, எல்லா மாடியிலும் நின்று நின்று போகும். அழுத்தினால் உள்ளே போகும் பழைய பொத்தான், பக்கத்தில் பிரெயில், எந்தத் தளம் என்று சொல்லும் குரல், இவை போதும். பொத்தானை உட்கார்ந்தவர் கை எட்டும் உயரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள், வையுங்கள்.

கழிப்பறை

ஒரு கட்டடம் உண்மையாகவே வசதி செய்திருக்கிறதா என்று பார்க்க நான் நேரே போகும் இடம் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை. பாதி இடங்களில் பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம். திறந்தால் துடைப்பம், பினாயில், உடைந்த நாற்காலி. இது கட்டுமானத் தவறு இல்லைதான், ஆனால் பக்கத்தில் ஒரு சாமான் அறை கட்டாமல் விட்டது கட்டியவர் தவறு. துடைப்பத்துக்கு இடம் இல்லையென்றால் அது காலியாக இருக்கும் அறையைத்தான் தேடும்.

அடுத்தது, அதை ஆண்கள் கழிப்பறைக்கு உள்ளே ஒன்று, பெண்கள் கழிப்பறைக்கு உள்ளே ஒன்று என்று வைப்பது. கணவரைத் தூக்கி உட்கார வைக்கும் மனைவி எதற்குள் போவார்? அம்மாவைக் கூட்டிவந்த மகன்? வெளியிலிருந்து நேராக நுழையும் பொதுவான தனி அறை ஒன்றாவது வேண்டும்.

உள்ளே ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு நாற்காலி சுற்ற இடம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். கழிப்பறைக் கோப்பையின் ஒரு பக்கத்தில் நாற்காலியை ஒட்டி நிறுத்த இடம் வேண்டும் என்பது தெரியாது. நாற்காலியில் இருப்பவர் பக்கவாட்டில் நகர்ந்துதான் மாறி உட்காருவார். அதனால் கோப்பையை அறையின் நட்டநடுவில் வைத்தாலும் தப்பு, இரு பக்கமும் சுவர் நெருங்க வைத்தாலும் தப்பு. ஒரு பக்கச் சுவரிலிருந்து கோப்பையின் மையம் ஒன்றரை அடி, மறுபக்கம் 900 மி.மீ. காலி. சுவர்ப் பக்கம் நிலையான கம்பி, காலிப் பக்கம் மேலே மடக்கும் கம்பி. உட்காரும் உயரம் 450 முதல் 480 மி.மீ. வரை, அதாவது நாற்காலி மட்டம். உயரம் போதவில்லை என்று கோப்பைக்கு அடியில் மேடை கட்டுவார்கள். அந்த மேடையில் முட்டி நாற்காலி பக்கத்திலேயே வராது.

அந்தக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. நாலரை அங்குலச் சுவரிலோ காற்றுத் துளைகள் நிறைந்த லேசான ஏஏசி கல்லிலோ பிளாஸ்டிக் பிளக் அடித்து, டவல் கம்பி மாட்டுவது போல மாட்டிவிடுகிறார்கள். ஒரு முழு ஆள் தன் எடையைப் போட்டுத் தொங்கும் கம்பி அது. சுவர் எழுப்பும்போதே அந்த இடத்தில் கான்கிரீட் கட்டை ஒன்றைப் பதித்துவிட வேண்டும். கையால் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள், சுண்ணாம்பு உதிர்ந்தால் யாராவது விழுவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். இல்லாத கம்பியைவிட ஆடும் கம்பி ஆபத்து.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது நகர்த்தும் கதவாக இருக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் உதவிக்கு யாரும் உள்ளே போக முடியாது. தண்ணீர் வெளியே வரக்கூடாது என்று இரண்டு அங்குலக் கிரானைட் தடுப்பு வைப்பதும் வேண்டாம். தரைச் சரிவை வடிகால் பக்கம் ஒழுங்காகக் கொடுத்தால் தண்ணீர் தானாக அங்கே போகும். டைல்ஸ் ஒட்டும் அன்று பக்கத்தில் நின்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

மஞ்சள் கல் எங்கே போகிறது

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டத் தரையில் பதிக்கும் மஞ்சள் தொடுகல்லை உருவாக்கியவர் ஜப்பானின் செய்இச்சி மியாகே. 1967-இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதலில் பதித்தார்கள். அதில் இரண்டு எழுத்துகள்தான். நீளக் கோடு என்றால் இப்படியே போ. புள்ளி என்றால் நில், முன்னால் ஏதோ இருக்கிறது. இந்த இரண்டையும் கலந்துகட்டி அழகுக்காகப் பதித்தால், பிழையாக எழுதிய பலகையைப் போலத்தான். கோடு நேராகப் போய் மின்கம்பத்தில் முடிவதைப் பார்த்திருக்கிறேன், தூங்குமூஞ்சி மரத்தில் முடிவதையும்.

ஓரளவு பார்வை உள்ளவர்களை மறந்தே போகிறோம். படிக்கட்டு முழுக்க ஒரே கறுப்புக் கிரானைட் போட்டால், மேலிருந்து பார்க்கும்போது படிகள் ஒட்டி ஒரே சரிவாகத் தெரியும். ஒவ்வொரு படியின் முனையிலும் வேறு நிறப் பட்டை ஒன்று போதும், கண்புரை உள்ள எந்தப் பாட்டியும் வாழ்த்துவார். கண்ணாடிக் கதவிலும் கண்மட்டத்தில் ஒரு பட்டை. காது கேளாதவர்களுக்கு டோக்கன் எண் திரையில் தெரிய வேண்டும், தீ எச்சரிக்கை மணியோடு விளக்கும் மின்ன வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 44-ஆம் பிரிவுப்படி, விதிகளுக்கு உட்படாத கட்டடத்துக்கு அனுமதியும் தரக்கூடாது, முடிப்புச் சான்றும் தரக்கூடாது. பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம். விதிகள் வந்தது 2017 ஜூன். கணக்கு உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த விதிகள் "செய்யலாம்" என்ற தொனியில் இருப்பதாகச் சொல்லி, 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது, கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. அளவுகளுக்கு மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிமுறைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கட்டுபவர்கள் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

"அப்படி யாரும் இங்க வர்றதில்லையே" என்ற பேச்சை எல்லா இடத்திலும் கேட்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். மூட்டு வலிக்காரர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

கட்டிய பிறகு

மெரினாவில் சக்கர நாற்காலியில் கடலருகே போக 263 மீட்டர் மரப்பாதை 2022 நவம்பரில் திறந்தது. முதல்முறையாக அலையைப் பக்கத்தில் பார்த்தவர்களின் முகங்கள் செய்திகளில் வந்தன. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் கடல் பக்கம் உடைந்தது, பிறகு சரிசெய்தார்கள். பராமரிப்புக்கும் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கண்ணில் படும் உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் செங்கல் வேலை முடிந்து, பூச்சுக்கு முன்னால், சக்கர நாற்காலியில் நடமாடும் ஒரு நண்பரைச் சைட்டுக்கு அழைத்துப் போகிறேன். அவர் நேரத்துக்குக் கட்டணமும் உண்டு, இன்ஜினியருக்குக் கொடுப்பது போல. போன மாதம் ஒரு கிளினிக்கில் கழிப்பறை வாசலில் அவர் கை முட்டி சுவரில் உரசியது. "ரெண்டு இன்ச்தானே சார், பூச்சுல அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்றார் மேஸ்திரி. பூசினால் இடம் இன்னும் குறையத்தானே செய்யும் என்று நண்பர் கேட்டார். மேஸ்திரி கொஞ்ச நேரம் அந்த வாசலையே பார்த்துவிட்டு, பையனைக் கூப்பிட்டுச் சுத்தியல் எடுத்து வரச் சொன்னார்.