கடன் அடைந்த கையோடு செய்யக்கூடாத தவறுகள்

கடைசித் தவணையைக் கட்டி முடித்த நாளில் வரும் நிம்மதிக்கு ஈடே இல்லை. மாதம் பிறந்ததும் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பதற வேண்டாம். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயப்பட வேண்டாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். தாராளமாகப் பாயசம் வைத்துக் கொண்டாடுங்கள். ஆனால் நான் பார்த்தவரை பலர் சறுக்குவது அந்தக் கடைசிக் கட்டத்திலும் அடுத்த சில மாதங்களிலும்தான்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதிலேயே தவறு தொடங்குகிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வீட்டுக் கடனில் கொண்டுபோய்க் கட்டுகிறோம். அதுதான் பெரிய தொகையாகக் கண்ணை உறுத்துகிறது. ஊரில் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். வங்கி சொல்லும் 9 சதவீதம் வருடக் கணக்கு. இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தாலே எது முதலில் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கிரெடிட் கார்டும் இதே ரகம்தான். 50,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வையுங்கள். வட்டி 1,750, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. நீங்கள் 2,500 கட்டினால் அசலில் குறைவது வெறும் 435 ரூபாய். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே வருகிறவர்களுக்குக் கடன் ஏன் அசையவே மாட்டேன் என்கிறது என்பதற்கு இதுதான் விடை.

கணக்கில் இருப்பதை எல்லாம் வழித்தெடுத்து ஒரே அடியாகக் கடனை முடிப்பதும் ஆபத்து. அடுத்த வாரமே ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், 9 சதவீதக் கடனை முடித்த அதே கை 36 சதவீதத்துக்கு நீள வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டுங்கள். கடன் முடிய நான்கு மாதம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம், காகிதங்கள். இதில்தான் அதிகமான அலட்சியத்தைப் பார்க்கிறேன். வீட்டுக் கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கடன் வாங்கும்போது பத்திரத்தை ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, அந்தக் கிளையே இடம் மாறிப் போயிருக்கும். ரசீதைப் பதிந்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வண்டிக் கடன் என்றால் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்சியில் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்க வேண்டும், இன்சூரன்ஸிலும் சேர்த்து. நகையை மீட்கும்போது கவுன்டரிலேயே எடை போடச் சொல்லி, அடகுச் சீட்டில் இருக்கும் கிராமோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றால் நிற்கட்டும். தனியாரிடம் வாங்கிய கடனில் இன்னும் கவனம் வேண்டும். புரோநோட்டையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகளையும் கையில் வாங்காமல் கடைசித் தொகையைக் கொடுக்காதீர்கள். நல்ல மனிதர், கேட்டால் தப்பாக நினைப்பார் என்று விட்டுவிடுகிறோம். நாளை அவர் இல்லாமல் போய் அந்தக் காசோலை வேறு யார் கைக்காவது போனால், தீர்த்த கடனுக்குச் செக் மோசடி வழக்கில் கோர்ட்டுப் படி ஏற வேண்டிவரும். முடிந்தவரை பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

பாக்கியில் பாதி கொடுங்கள், செட்டில் செய்துவிடலாம் என்று கடன் கொடுத்த இடத்திலிருந்து போன் வரும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது சரி. கட்ட முடிகிறவர்கள் அதில் விழ வேண்டாம். நாம் கடன்களை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் முழுதாக முடிந்ததாக வராது, செட்டில் ஆனது என்றே நிற்கும், அடுத்த கடன் கேட்கும்போது அது இடிக்கும். அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே பார்க்கலாம்.

இனி, தவணை முடிந்ததால் கையில் மிஞ்சும் பணம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. மாதம் 8,000 ரூபாய் தவணை கட்டி, அந்தப் பணம் இல்லாமலே வாழப் பழகிவிட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தவணை நின்ற மாதமே அந்த 8,000-ஐ வேறு இடத்துக்குத் திருப்பாவிட்டால், மூன்றாவது மாதம் அது எங்கே போகிறது என்றே தெரியாது. பெரும்பாலும் புது போனுக்கோ பெரிய டிவிக்கோ இன்னொரு தவணையாகத் திரும்பி வரும். தவணை போன அதே தேதியில், அதே 8,000-ஐ அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடத்தில் கட்டுவது 4,80,000. வட்டி 6.7 சதவீதம் என்றால் கைக்கு வருவது சுமார் 5,70,000. இத்தனை நாள் வட்டி கட்டிய வீட்டுக்கு முதல்முறையாக வட்டி வருகிறது. பாஸ்புக்கில் அந்த வரியைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம், கடன் அடைந்த நாளின் சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

சேர ஆரம்பித்ததும் மாதம் மூன்று சதவீதம், ஐந்து சதவீதம் தருகிறோம் என்று ஆட்கள் வருவார்கள். வங்கி வைப்புக்கே 5 லட்சம் வரைதான் காப்பீடு. இவர்களிடம் அதுவும் கிடையாது. சீட்டுப் போடுவதானால் 1982-ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள்.

கடன் முடிந்த செய்தி உறவுக்குள் பரவியதும் ஜாமீன் கையெழுத்துக் கேட்டும் வருவார்கள். சும்மா ஒரு கையெழுத்துதானே மாமா என்பார்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. வங்கி நேராக உங்களிடமே வரலாம். உதவ மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து வேண்டாம்.