பழைய காருக்கு நீங்களே மெக்கானிக்: முதன்முதலாக ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு

ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, புது பேட்டரி வாங்கிப் பொருத்தினேன். கார் கிளம்பியது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே ‘டொக்’. இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் போய் பாடியில் முடியும் இடம் கண்ணில் பட்டது. போல்ட்டைச் சுற்றி ஒரே துரு. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி முறுக்கினேன், பிரச்சினை தீர்ந்தது. என் பழைய பேட்டரி நல்ல பேட்டரிதான். அதற்குள் அதைக் கொடுத்துவிட்டிருந்தேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களின் பணம் நிறைய இப்படித்தான் போகிறது: எது கெட்டது என்று தெரியாமலே எதையாவது மாற்றுவதில். அதனால் கீழே கழற்றுவதைவிடப் பார்ப்பதைப் பற்றி அதிகம் இருக்கும். பெட்ரோல் காரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பிளக், புகை பற்றிய பகுதியைத் தவிர பெரும்பாலானது டீசலுக்கும் பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை

முதலில் காரின் கையேடு. எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர், எந்த ஃபியூஸ் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த மாடலுக்கான ரிப்பேர் கையேடும் கிடைத்தால் நல்லது. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு அதில்தான் கிடைக்கும்.

கருவிகளில் ஒரு சாக்கெட் செட், 8 முதல் 19 மி.மீ. வரை ரிங் ஸ்பேனர்கள், ஒரு சாதாரண மல்டிமீட்டர், நல்ல டார்ச், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்) இல்லாமல் பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு, நானும் ஓட்டினேன். அதற்குக் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன்.

இவற்றைவிட முக்கியம் ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட். ஜாக்கியின் வேலை தூக்குவதோடு முடிந்தது. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எடையைத் தாங்கி நிற்பது ஆயிலும் ஒரு ரப்பர் சீலும்தான். அது எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டாண்ட் வைக்காமல் காருக்கு அடியில் தலையை மட்டுமல்ல, கையைக்கூட விடாதீர்கள். தரை சமமாக இருக்க வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஸ்டாண்டில் இறக்கியதும் காரை ஒருமுறை பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இப்போதே ஆடட்டும்.

ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

இரவில் நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் சொட்டுகள் நிறைய சொல்லும். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். பச்சையாகவோ ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ, தொட்டால் வழவழவென்று இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிந்தது, கவலை வேண்டாம். சக்கரத்தின் உள்பக்கம் மஞ்சளாக எண்ணெய்ப் பசை தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம்; அப்படியானால் காரை எடுக்காதீர்கள்.

சைலன்சரையும் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை, பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை, அதுவும் இனிப்பு வாசனையுடன் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. குளிரில் முதல் சில நிமிடம் வரும் வெள்ளை ஆவி இதில் சேராது.

கண்டதையெல்லாம் தேதி, கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஸ்டார்ட் ஆகாத கார்

ஆரம்பத்தில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. முதல் கேள்வி: சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை அல்லது பிளக்கில் பொறி வரவில்லை. பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. சுற்றவே இல்லை, அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள்.

காரைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.4 என்றால் சுமார் முக்கால்வாசி சார்ஜ். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. அடுத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் அடிக்கும்போதே அளவைக் கவனியுங்கள். முழு சார்ஜ் இருந்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புது பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் படுத்துவிடும்.

நான் செய்யாமல் விட்ட சோதனை ஒன்று உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளில் (அதே நெகட்டிவ் கேபிள்தான்) எங்கோ துருவோ லூசோ இருக்கிறது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்திருந்தால் அந்தப் பேட்டரி இன்னும் என்னிடம் இருந்திருக்கும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்வது சுலபம். முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். காரணம் இருக்கிறது: நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியைத் தொட்டால் நேராக ஷார்ட் ஆகும், ஸ்பேனர் சிவந்துபோகும் அளவுக்கு. கழற்றிய முனைகளில் சமையல் சோடா கலந்த தண்ணீரை ஊற்றி பிரஷ்ஷால் தேயுங்கள். சோடா பேட்டரிக்குள் போய்விடக் கூடாது. துடைத்து, காய்ந்ததும் மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. புதிதாகப் போட்டதும் மறுபடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்து எரிவது ஒயராக இருக்கும்.

ஆயில் மாற்றுவது

1. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் நன்றாக வடியும். கொதிக்கும் சூட்டில் வேண்டாம்.

2. காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள்.

3. அடியில் டிரெயின் போல்ட்டைத் தேடுங்கள். அவசரப்படாதீர்கள், பல கார்களில் கியர் பாக்ஸுக்கும் ஒரு டிரெயின் போல்ட் பக்கத்திலேயே இருக்கும். கியர் ஆயிலை இறக்கிவிட்டு இன்ஜினில் மேலும் நாலு லிட்டர் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும்.

4. போல்ட்டைக் கழற்றி முழுதும் வடியவிடுங்கள். மாட்டும்போது புது வாஷர் போட்டு, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.

5. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எடுத்துவிடுங்கள், இரண்டு வளையம் சேர்ந்தால் புது ஆயில் மொத்தமும் தரையில் கொட்டும். புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, தொடும்வரை கையால் திருகி, அதற்கு மேல் முக்கால் சுற்று போதும்.

6. சொன்ன அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, அரை நிமிடம் ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். அடியில் கசிவு இல்லையென்றால் காரைச் சமதரைக்கு இறக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

நாலாவது படியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் அலுமினியத் தொட்டியான சம்ப்பில் மரை மொத்தமாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. டார்க் ரெஞ்ச் வாங்கியது அதற்கப்புறம்தான்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

பிளக்கைப் படிப்பது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக் உட்காரும் அலுமினிய ஹெட் (இன்ஜினின் மேல் பாகம்) சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை போகும். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். ஒயர் இருந்தால் ஒயரை இழுக்காமல் அதன் தொப்பியைப் பிடித்து இழுக்க வேண்டும்.

முனை வெளிர் பழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரமான கறுப்பு, ஆயில் மேலே வருகிறது. வெளுத்துப்போயிருந்தால் அதிகச் சூடு. நாலும் ஒரே மாதிரி இருந்தால் காரணம் பொதுவானது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்த ஒரு சிலிண்டரில் தேடுங்கள். இதைப் பார்க்காமல் நாலு பிளக்கையும் மாற்றினால் கார் ஒரு மாதம் நன்றாக ஓடிவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே வரும்.

ஏர் ஃபில்டர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி தெரியவில்லை என்றால் மாற்றுங்கள்.

சூடாகும் இன்ஜின்

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் கொதித்துப் பொங்கி, ஆவியோடு முகத்தில் அடிக்கும்.

எப்போது சூடாகிறது என்பதைக் கவனியுங்கள். நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. அதன் ஃபியூஸ், ரிலேயில் தொடங்குங்கள். வேகமாகப் போகும்போது ஏறினால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு) என்று வரிசையாகப் பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போய், ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள சீல்) போயிருக்கலாம். அது முதல் வருடத்தில் எடுக்கும் வேலையல்ல. இன்னொன்று, கூலன்ட் நச்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். சிந்தினால் உடனே கழுவுங்கள்.

பிரேக்

இதில் முதல் சில மாதங்கள் பார்வை மட்டும் போதும் என்பது என் கருத்து. பிரேக் ஆயில் மட்டம் மெல்ல மெல்ல இறங்கினால் உடனே ஊற்றாதீர்கள். பிரேக் பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், மேலே மட்டம் குறையும். ஆகவே முதலில் பேட்டைப் பாருங்கள். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். பேட் நன்றாக இருந்தும் குறைகிறது என்றால் கசிவு, நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டாட் 5 சிலிக்கோன் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 3, டாட் 4 பெயின்ட்டில் பட்டால் அதை உரித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முதன்முதலில் பேட் மாற்றும்போது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் கழற்றுங்கள், எது எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பிரேக் தூசியை ஊதாதீர்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். மிக முக்கியம்: முடித்ததும் காரை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பல முறை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகும், கார் நிற்காது.

கழலாத போல்ட், தொடக் கூடாத இடங்கள்

துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை முந்தின இரவே அடித்து வையுங்கள். காலையில் ஆறு மூலை சாக்கெட் போட்டு, முதலில் சற்றே முறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றுங்கள். முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

டைமிங் பெல்ட் (வால்வும் பிஸ்டனும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பெல்ட்), ஏர்பேக், ஏசி கேஸ், சஸ்பென்ஷன் ஸ்பிரிங் ஆகியவற்றைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். பல இன்ஜின்களில் டைமிங் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள். செய்ததை நோட்டில் எழுதிவிட்டு, அன்றிரவு காருக்கு அடியில் ஒரு புது அட்டையைப் போட்டு வையுங்கள்.