பிரபலங்களிடம் கேள்வி கேட்க ஏற்ற இடம்

சமூக ஊடகத்தில் ஒரு பிரபலத்தையோ துறை வல்லுநரையோ அணுக விரும்புவோர் பலர், தனிச்செய்தியில் ‘வணக்கம் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் அவர் உங்களைப் பின்தொடரவில்லை என்றால், அந்தச் செய்தி பெரும்பாலும் ‘கோரிக்கைகள்’ பகுதியிலேயே தங்கிவிடும்.

அதைவிட, அவருடைய பதிவின் கீழேயே கேட்பது நல்லது. சென்னையைச் சேர்ந்த பிரதீப் ஜான், ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் மழை நிலவரத்தை எழுதி, 2015 பெருவெள்ளத்தின்போது பரவலாக அறியப்பட்டவர்; கிரிக்கெட் வீரர் ரவிச்சந்திரன் அஸ்வின் தம் யூடியூப் சேனலில் ஆட்ட நுணுக்கங்களைத் தமிழிலேயே பேசுகிறார். உதாரணமாக, பிரதீப் ஜானிடம் ‘நாளை மழை வருமா?’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘நாளை மாலை ஆறு மணிக்குமேல் தாம்பரம் பக்கம் மழை வலுக்குமா?’ என்று இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கேட்டால், ஒரே வரியில் பதில் சொல்ல அவருக்கும் எளிதாக இருக்கும். அவர் சொல்லாவிட்டாலும் அங்கே படித்துக்கொண்டிருக்கும் தாம்பரத்துக்காரர் ஒருவர் சொல்லக்கூடும். பல நேரங்களில் அந்தப் பதிலே கூடுதல் பயன் தரும் என்பது என் எண்ணம்.

லிங்க்ட்இனில் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பும்போது, நீங்கள் யார், எதற்காக அணுகுகிறீர்கள் என்பதை இரண்டு வரிகளில் சேர்த்துவிடுங்கள்.

பிரபலத்தின் பெயரில் யாராவது தாமாகவே செய்தி அனுப்பிப் பணம் கேட்டால், நீலக்குறியைக் கண்டு நம்ப வேண்டாம். இப்போது அது கட்டணத்துக்கும் கிடைக்கிறது. பணத்தை இழந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.