பின்னால் எஞ்சின் வைத்த காருக்கு ஆயில் கிளட்ச்

முன்னால் எஞ்சின் இருந்திருந்தால் கிளட்ச்சுக்குக் கேபிளே போதும் என்று விட்டிருப்பேன். கோவை குறிச்சி சிட்கோவில் எங்கள் பட்டறையில் பைப் சேஸி கட்டி, மாருதி எஸ்டீம் 1.3 எஞ்சினை சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தோம். அங்கேதான் வினை ஆரம்பித்தது. பெடலிலிருந்து கியர்பாக்ஸ் வரை இரண்டரை மீட்டர் கேபிள், நடுவே நாலு வளைவு. ஒவ்வொரு வளைவும் மிதிக்கிற பலத்தில் கொஞ்சம் தின்றுவிடும். மூன்று மாதத்தில் இரண்டு கேபிள் அறுந்தது. இரண்டாவது, செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் மூன்றாவது ரவுண்டில். கயிறு கட்டி இழுத்து வரும்போதே, கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஆயில் கிளட்ச் என்று முடிவு செய்துவிட்டேன். (மாருதி எஞ்சின் வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டிய கரிவரதன் பெயர் கொண்ட டிராக்கில் மாருதி எஞ்சின் காரைக் கயிறு கட்டி இழுப்பது கொஞ்சம் வெட்கம்தான்.)

முதல் வேலை கடைக்குப் போவது இல்லை. வெர்னியரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போவது. கிளட்ச் ஃபோர்க் (கிளட்ச்சைப் பிரிக்கும் நெம்புகோல்) எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால் கிளட்ச் முழுசாக விடுகிறது என்று அளக்க வேண்டும். முதல் கியரில் போட்டு, எஞ்சின் ஓட்டுகிற சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். இரண்டையும் தூக்கினால் டிஃபரன்ஷியல் ஏமாற்றிவிடும். ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், கிளட்ச் விட்டதா இல்லையா என்றே தெரியாது. ஃபோர்க் முனையில் பைப் மாட்டி ஒருவர் நெம்ப, இன்னொருவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் 12 மில்லியில் சக்கரம் லேசாகச் சுற்றியது. டிஸ்க் சூடானால், லைனிங் தேய்ந்தால் என்று 3 மில்லி சேர்த்து, 15 என்று சேஸியிலேயே சாக்பீஸில் எழுதி வைத்தேன்.

அடுத்தது கணக்கு. பெடல் பாதத்தில் 150 மில்லி இறங்குகிறது. பெடல் விகிதம் 6க்கு 1. அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளுவது) ராடு 25 மில்லி போகும். மாஸ்டரின் போர் அளவை (உள்விட்டத்தை) ஸ்லேவின் (அந்த ஆயிலை வாங்கி ஃபோர்க்கைத் தள்ளும் சிலிண்டரின்) போர் அளவால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, 25ஆல் பெருக்கினால் ஸ்லேவ் எவ்வளவு தள்ளும் என்று வந்துவிடும். என்னிடம் இருந்த ஸ்லேவ் 22.2 மில்லி. இந்தக் கணக்கைப் போடாமல், "பெடல் பஞ்சு மாதிரி இருக்குங்" என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு 15.9 மில்லி மாஸ்டரை வாங்கி வந்தேன். பெடல் பஞ்சுதான். ஆனால் ஸ்லேவ் 12.8 மில்லிதான் தள்ளியது. ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கியர் கறகறவென்று கத்தியது. 19 மில்லி மாஸ்டர் போட்டால் 18.3 வரும், பெடல் கனக்கும், ஃபோர்க் தேவைக்கு மேல் போகும். 17.8 போட்டேன். கணக்கில் 16, இடைவெளி எல்லாம் கழித்துக் கையில் 15. சரியாக வந்தது. வாங்கும்போது மாஸ்டரின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் உள்ளே போகும் தூரம்) 25 மில்லிக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் பெடல் செட், பிராக்கெட் எல்லாம் தாராளமாக வாங்கலாம். மாஸ்டரும் ஸ்லேவும் மட்டும் புதிதாக இருக்கட்டும். உள்ளே துரு குழி விழுந்த சிலிண்டருக்கு எந்த ரப்பர் கிட்டும் உதவாது.

ஸ்லேவ் பிராக்கெட்டில் நான் பட்ட அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கேபிள் இருந்த பக்கமே பிராக்கெட்டை வெல்டிங் செய்து முடித்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஏனுங்ணா, கேபிள் இழுத்துதுங். இது தள்ளுமில்லீங்?" என்றான். டீ பாதியில் நின்றது. ஃபோர்க்குக்கு மறுபக்கம் போக வேண்டியது. வெட்டி எடுத்து மறுபடி செய்தோம்.

மறுபடி செய்ததும் 5 மில்லி தகட்டில், இரண்டு போல்ட்டில். பெடலை மிதிக்கும்போது டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் பிராக்கெட்டே 2 மில்லி வளைகிறது. 15இல் 2 போனால் கிளட்ச் எப்படி விடும்? 10 மில்லி தகடு, பக்கவாட்டில் ஒரு முக்கோணத் தாங்கல், பெல் ஹவுசிங்கில் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டில்) மூன்று போல்ட். அதற்கப்புறம் முள் அசையவில்லை. ஸ்லேவின் ராடு ஃபோர்க்குக்கு நேர்கோட்டில் இருக்கட்டும். பிளீடிங் நிப்பிள் (ஏரை வெளியேற்றும் மூக்கு) மேல்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கீழே பார்த்தால் ஏர் ஜென்மத்துக்கும் வெளியே வராது.

ஆயில் போகும் லைனுக்கு 4.75 மில்லி ஸ்டீல் டியூப், டபுள் ஃப்ளேர் (முனையை இரட்டையாக மடித்து விரித்தது). எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதால் கடைசி 30 சென்டிமீட்டர் பிரேக் ஹோஸ். சைலன்சர் பக்கம் போகவே கூடாது. பேன்ஜோ போல்ட்டுக்கு (ஹோஸை மாட்டும் துளையுள்ள போல்ட்) புது காப்பர் வாஷர். டியூப் நடுவில் மேடு ஏறி இறங்கினால் அந்த மேட்டில் ஏர் தங்கும்.

ஆயில் என்று சொன்னாலும் இது பிரேக் ஆயில்தான், டாட் 4. எஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஜாக் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் சீல் ஊறிப் போகும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

லைனில் சிக்கிய ஏரை வெளியே எடுக்க, நீளமான லைனுக்குக் கீழிருந்து மேலே தள்ளுவதுதான் சுலபம். மருந்துக்கடையில் 50 மில்லிலிட்டர் சிரிஞ்ச் வாங்கி, நிப்பிளில் ட்யூப் மாட்டி மெதுவாகத் தள்ளினால் ரிசர்வாயரில் (மாஸ்டரின் ஆயில் டப்பாவில்) குமிழ் குமிழாக வரும். நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். மீதியை வழக்கம்போல் மிதித்து எடுத்தோம். பெடலில் என் மகள். "அமுத்து கண்ணு... புடி... இப்ப விடு." பன்னிரண்டாவது தடவையில், "கல்லாட்டம் ஆயிருச்சுங்ப்பா" என்றாள். ஸ்லேவை ஃபோர்க்கில் மாட்டாமல் மிதித்துவிடாதீர்கள், பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

அப்புறம் ஒரு மில்லி சமாச்சாரம். பெடல் மேலே வந்து நிற்கும்போது மாஸ்டரின் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 முதல் 1.5 மில்லி இடைவெளி வேண்டும். பெடல் உயரமாக இருக்கட்டும் என்று அதை நான் இறுக்கி வைத்திருந்தேன். காலையில் அருமையாக ஓடிய வண்டியில், பத்து ரவுண்டு தாண்டியதும் கிளட்ச் ஸ்லிப் ஆனது. இடைவெளி இல்லாததால் ரிசர்வாயருக்குத் திரும்பும் சின்னத் துவாரம் மூடியே இருந்திருக்கிறது. லைனில் சூடான ஆயில் விரிந்து, திரும்பிப் போக வழியில்லாமல், ஸ்லேவைத் தானே தள்ளியிருக்கிறது. நிப்பிளை ஒரு சுற்றுத் தளர்த்தியதும் பீச்சி அடித்தது, கிளட்ச் உடனே பிடித்தது.

கடைசியாக பெடல் அடியில் ஒரு ஸ்டாப்பர் போல்ட். கிளட்ச் விட்டபின் ஃபோர்க் இன்னும் 2, 3 மில்லி போனதும் பெடல் அதில் முட்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் ஓங்கி மிதிக்கிற ஒரு மிதியில் பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தகட்டின்) விரல்கள் வளையும். பூட்டி முடித்த ராத்திரி ஸ்லேவுக்கு அடியில் பழைய பேப்பரை விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள். விடிந்ததும் ஈரம் இருந்தால் முதலில் காப்பர் வாஷரைப் பாருங்கள்.