8 வாட் வால்வ் ஆம்ப்: கோளாறு ஸ்பீக்கரில் இருந்தது
சேனலுக்கு ஒரே ஒரு 300பி வால்வ் (வெற்றிடக் குழாய்) ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப் (ஒலிபெருக்கி), சேனலுக்கு 8 வாட். குரல் தனியாக வந்தால் அருமை. டிரம்ஸ் சேர்ந்ததும் ஒலி கசங்கியது. வால்வ், கப்ளிங் கெப்பாசிட்டர் (சிக்னலை அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் பாகம்) இரண்டையும் மாற்றி, பயாஸும் (வால்வின் அடிப்படை மின்னோட்ட அமைப்பு) சரிபார்த்ததில் மூன்று நாள் வீண்.

விடை ஸ்பீக்கரின் விவரத்தாளில் இருந்தது: "89 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர்". அதாவது 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 89 டெசிபல் சத்தம். பலரும் வோல்ட்டைப் பார்ப்பதில்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்குத்தான் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் 2.83 வோல்ட்டில் 2 வாட் இழுக்கும். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும்; ஆக, 1 வாட்டுக்கு 86 டெசிபல்தான். 8 வாட்டுக்கு 9 கூட்டினால் 95. அதற்குமேல் ஆம்ப் திணறும்.

ஆம்பில் ஸ்பீக்கரை 8 ஓம் டேப்பிலிருந்து (ஸ்பீக்கரின் ஓமுக்கு ஏற்ற இணைப்பு முனை) 4 ஓமுக்கு மாற்றியதில் பேஸ் இறுகியது, கசங்கல் போகவில்லை. 1 வாட்டுக்கு 96 டெசிபல் தரும், எந்த அதிர்வெண்ணிலும் 6 ஓமுக்குக் கீழே இறங்காத 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் டேப்பில் இணைத்ததும் தீர்ந்தது. அதே சத்தத்துக்கு பத்தில் ஒரு பங்கு வாட் போதும். டிரம் அடி இப்போது அடியாகவே விழுகிறது. நிம்மதி.