உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு உதவும்போது தொழில் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு அரசு 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டம், சிறு, குறு உழவர்களை நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுக்களாகச் சேர்த்து, குழு ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதியும் வழங்கியது. இத்தகைய குழுக்கள் பல ஒன்றிணைந்து, உறுப்பினரின் விளைச்சலைச் சேர்த்து விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களாகப் பதிவு பெற்றன. நாடு முழுவதும் 10,000 உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை 2020 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கியபின் அவற்றின் எண்ணிக்கை இன்னும் பெருகியது. இவற்றுக்குத் துணை நிற்க ஆலைகளும் வணிக நிறுவனங்களும் நல்லெண்ணத்தோடுதான் முன்வருகின்றன. ஆனால் பெரும்பாலும் கொடையாளராக வருகின்றனவே தவிர, சொன்ன நாளில் சரக்கெடுத்து, சொன்ன நாளில் பணம் தரும் வாடிக்கையாளராக வருவதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைப்பவை.

முதலாவதும் மிகப் பெரியதும் பணத்தைத் தாமதிப்பது. ஓர் உழவர் நிறுவனத்தில் ஆயிரம் உறுப்பினர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்குத்தொகை கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு பத்து லட்சம். கிலோ 100 ரூபாய் வீதம் 10 டன் நிலக்கடலைப் பருப்பை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், அந்தப் பத்து லட்சமும் ஒரே லாரியில் ஏறிப் போய்விடுகிறது. வாங்கிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு தன் வழக்கப்படி அறுபது நாள் தவணை எடுத்துக்கொள்கிறது. அறுவடையோ அறுபது நாள் காத்திருப்பதில்லை. மறுவாரம் மூட்டையோடு வரும் உறுப்பினருக்குக் கொடுக்க உழவர் நிறுவனத்தின் பெட்டியில் பணமில்லை. அவர் அதே வண்டியைத் திருப்பிக்கொண்டு, எடைக்கழிவு பிடித்தாலும் கையில் ரொக்கம் வைக்கும் கமிஷன் மண்டிக்குப் போகிறார். விதைக்கும் கூலிக்கும் வாங்கிய கடன் அவரை நெருக்கும்போது அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. அறுவடைக் காலத்தில் உழவர் நிறுவனத்துக்கு அந்த 45 நாளே தாங்க முடியாத நீளம். சரக்கு ஏறும்போது பாதி, தரம் பார்த்து இறக்கிய ஒரு வாரத்துக்குள் மீதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும் நிறுவனம், வேறெந்த நன்கொடையும் தராவிட்டாலும் பேருதவி செய்ததாகவே நான் கொள்வேன்.

அடுத்தது இயந்திரம் வாங்கித் தந்துவிட்டுப் போவது. மலையடிவாரக் கிராமம் ஒன்றில் சாமைக்கும் வரகுக்கும் வாங்கிய உமி நீக்கும் இயந்திரத்தைப் பார்த்தேன். தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். வழங்கிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை மட்டும் பளபளப்பாக இருந்தது. பக்கத்துத் திண்ணையில் இரண்டு பெண்கள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். மும்முனை மின் இணைப்பு அந்தக் கொட்டகைக்கு வரவே இல்லை; சிறுதானியங்களிலேயே உமி நீக்கக் கடினமான வரகுக்குத் தனியாக வேண்டிய சல்லடையும் உடன் வரவில்லை. இயந்திரத்தின் விலையோடு மின் இணைப்பு, மாற்றுச் சல்லடை, அதை இயக்குபவருக்குப் பயிற்சி, இரண்டு பருவத்துக்கான பழுதுபார்ப்பு ஆகியவற்றையும் மதிப்பீட்டில் சேர்க்காதவரை அந்தச் செலவு பாதிச் செலவுதான்.

இத்தகைய அவசரக் கொள்முதல் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் நடக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவை நிறைவேற்ற, நிதியாண்டு முடிவதற்குள் ஏதாவது வாங்கித் தீர்க்கப் பார்க்கிறார்கள். உழவரின் ஆண்டு ஆடிப்பட்டத்தில் தொடங்குவது. அதற்கு ஏற்பச் செலவிட வழியும் சட்டத்திலேயே இருக்கிறது: பல ஆண்டுத் திட்டமாக முதலிலேயே வகுத்துக்கொண்டால், செலவாகாத தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் பயன்படுத்தலாம். தன் வழக்கமான வணிகத்துக்கான செலவைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுதுவதற்கு மட்டும் இடமில்லை. தன் ஆலைக்கு வரும் சரக்கின் கொள்முதலை வணிகமாகவும், உழவருக்கான பயிற்சியையும் பொதுச் சொத்தையும் சமூகப் பணியாகவும் தனித்தனியே வைத்துக்கொள்வதே நேர்மையானது.

தர அளவுகளை அறுவடைக்குப் பின் அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது. நிலக்கடலைப் பருப்பின் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு சேரும் ஆபத்து இருக்கிறது. களத்தில் நிற்கும் உழவர் காயைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே பருப்பு கலகலவென்று ஆடினால் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்கிறார். அந்த அறிவு மதிப்புள்ளது. ஆனால் ஆய்வுக்கூடம் கேட்பது சதவீதக் கணக்கை. விதைப்புக்கு முன்பே அந்த அளவைச் சொல்லி, ஈரப்பதமானி ஒன்றும் நல்ல தார்ப்பாய்களும் கொடுத்திருந்தால், லாரியை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பும் நிலை வந்திருக்காது. திரும்பிய லாரியின் இரு வழி வாடகையும் இறக்குகூலியும் உறுப்பினர் தலையில்தான் விழுகின்றன.

விலையைப் பொறுத்தவரை, ஒரே தொகையைப் பருவம் முழுவதற்கும் கட்டிவைப்பது இரு தரப்புக்கும் கேடு. சந்தை ஏறினால் உழவர் வெளியே விற்பார். இறங்கினால் நிறுவனம் சாக்குச் சொல்லும். அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் அன்றைய விலையோடு குறிப்பிட்ட தொகை கூடுதல் என்றும், அதற்குக் கீழே போகாத அடிவிலை இது என்றும் எழுதிக்கொள்ளலாம். எழுத்து ஒப்பந்தத்துக்குத் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் இருக்கிறது. உழவர் நிறுவனத்தைத் தாண்டிப் போய், அதன் பெரிய உறுப்பினர் நான்கு பேரிடம் நேரடியாக வாங்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். எஞ்சிய சிறு உழவர்களின் சரக்கு ஒரு லாரிக்குத் தேறாமல் போனால், அந்த உழவர் நிறுவனம் இரண்டு பருவத்தில் பெயரளவுக்குத்தான் நிற்கும்.

சட்ட வடிவம் பற்றி ஒரு சொல். உற்பத்தியாளர் நிறுவனத்தில் உழவர்களும் அவர்களுடைய அமைப்புகளும் மட்டுமே உறுப்பினராகலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. எனவே தலைமைச் செயல் அலுவலரிடம் மட்டும் பேசி முடித்தது, இயக்குநர் குழுவும் பொதுக்குழுவும் அறியாதவரை முடிவாகாது.

உணவுப் பாதுகாப்பு என்றதும் பொட்டலம் வழங்குவதை மட்டும் நினைப்பதும் ஒரு தவறே. 250 தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலைகளில் உணவகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்ன காலந்தொட்டே பெரிய ஆலைகளில் கேன்டீன் இருக்கிறது. ஆயிரம் பேர் சாப்பிடும் கேன்டீனில் ஆளுக்கு 20 கிராம் கடலை எண்ணெய் என்றால் நாளுக்கு 20 கிலோ. 25 வேலை நாளில் 500 கிலோ. ஒரு சிறிய உழவர் நிறுவனத்தின் செக்கு ஆண்டு முழுவதும் ஓட அது போதிய ஆதாரம். வெள்ளம், புயலுக்கு நிவாரணப் பொருள் வாங்கும்போதும் அரிசியையும் பருப்பையும் இவர்களிடமிருந்தே எடுக்கலாம்.

அப்படி எடுக்கும்போது விளைந்த ஊரின் தேவையைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். அந்த மண்ணில் விளைவது அந்த மண்ணின் தட்டுக்கும் வர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. சிறுதானியத்துக்கு நகரத்தில் நல்ல விலை கிடைக்கும் ஆண்டில், மலைக்கிராமத்து வீடு கடைசி மூட்டையையும் விற்றுவிட்டு, பட்டணத்துப் பொருளை வாங்கித் தின்னும் நிலைக்கு எளிதில் போய்விடும். ஆகவே கொள்முதல் அளவைப் பேசும் கூட்டத்தில், வீட்டுச் சாப்பாட்டுக்கு எத்தனை மூட்டை, அடுத்த பட்டத்து விதைக்கு எத்தனை மூட்டை என்று முதலில் கேட்டு, அதைக் கழித்துக்கொண்டபின் மிஞ்சுவதற்குத்தான் விலை பேச வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டுத் தானியக் குதிரைத் திறந்து பார்க்கும் பெண்கள். அவர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.