சமதரையில் நிறுத்திப் பாருங்கள்: மலையகத்தில் என்ஜின் ஒயில் மாற்றும் முறை

பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ5 வீதி ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தை இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறி, திரும்பும்போது அதே கியரில் என்ஜினைப் பிடித்தபடி இறங்கும் காரின் ஒயில், கரையோரச் சமவெளியில் சீராக ஓடும் காரின் ஒயிலைவிட விரைவாகக் கெட்டுவிடும். ஜப்பானிலிருந்து வந்த டர்போ இல்லாத டொயோட்டா பெற்றோல் கார்களின் பராமரிப்புக் குறிப்பேட்டில் ஒயில் மாற்றுவதற்குப் பொதுவாக 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்றும், கடினமான பாவனைக்கு அதில் பாதி என்றும் எழுதியிருக்கும். ஓட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மலைப்பாதையாக இருந்தாலே அது கடினமான பாவனைதான். தோட்டத்துக் கல்ரோட்டுத் தூசியையும், பாடசாலைக்கும் கடைக்கும் போய்வரும் சிறு ஓட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே நம் பக்கத்துக்கு ஏற்ற கணக்கு என்பது என் கருத்து.

கராஜுக்குப் போகுமுன் காரின் கையேட்டில் இரண்டு விடயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஒயிலின் தரமும், பில்டரோடு சேர்த்துப் பிடிக்கும் அளவும். அக்குவா போன்ற 1.5 லீற்றர் டொயோட்டா என்ஜினுக்கு ஏறக்குறைய 3.7 லீற்றர் பிடிக்கும். 660 சீசீ வகன் ஆர் போன்றவற்றுக்கு மூன்று லீற்றருக்கும் குறைவு. இந்த எண் கையில் இல்லாதவர், நான்கு லீற்றர் கேனை அப்படியே கவிழ்த்துவிடும் கராஜில் எதுவும் கேட்க முடியாது.

தரத்தைப் பற்றித்தான் நம் ஊரில் வாக்குவாதம் அதிகம். 0டபிள்யூ-20 என்று கையேடு சொல்லும் காருக்கு, "மலைக்குத் தண்ணி ஒயில் சரிவராது, 20டபிள்யூ-50 போடுவோம்" என்று அக்கறையோடு சொல்லும் கராஜ் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இன்னும் இருக்கிறார்கள். டபிள்யூ எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸ் சூட்டில் அதன் தடிப்பையும் காட்டுகின்றன. தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி படியும் நுவரெலியாவில், தடித்த ஒயில் என்ஜினின் மேற்பகுதியை எட்டச் சற்று நேரம் எடுக்கும். தேய்மானத்தின் பெரும்பங்கு அந்த முதல் நொடிகளில்தான் நடக்கிறது. ஹைபிரிட் காரின் என்ஜின் வழியெல்லாம் நின்று நின்று இயங்குவதால் அதற்கு இளக்கமான ஒயில் இன்னும் அவசியம். கையேடு 5டபிள்யூ-30ஐயும் அனுமதித்திருந்தால், அதிகம் ஓடிய காருக்கு அதைத் தேர்வது நியாயமானது. கையேட்டில் இல்லாத தடிப்புக்குத் தாவுவது நியாயமானதல்ல. தடிப்பைத் தவிர, ஏபிஐ என்ற அமெரிக்கப் பெற்றோலிய அமைப்பின் தரக் குறியும் கேனில் இருக்கும். பெற்றோல் காருக்கான கேனில் ஏபிஐ எஸ்பி என்றிருந்தால் அது 2020இல் வந்த தரம். பழைய எஸ்என், எஸ்எம் கேட்கும் கார்களுக்கும் அதை ஊற்றலாம். டீசல் வேனுக்கு சீ எழுத்தில் தொடங்கும் வேறு தரங்கள் உள்ளன.

கேனை முடியின் முத்திரை உடையாத நிலையில் வாங்கி, உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். வெறுங்கேனில் மலிவு ஒயில் நிரப்பி விற்பவர்களுக்கு நம் கேன் போய்ச் சேராமலிருக்க, நான் வெறுங்கேனைக் கத்தியால் குத்திவிட்டே கொடுக்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். பத்து நிமிடமாவது ஓடி என்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது இறக்கினால்தான் அழுக்கு ஒயிலோடு சேர்ந்து வெளியேறும்; கொதிக்கும் சூட்டில் இறக்கினால் வேலை செய்பவரின் கை வெந்துவிடும். ஹைபிரிட் காரில் சத்தம் நின்றதை நம்பாமல் பவர் பொத்தானை முழுமையாக அணைத்துச் சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் வடிந்துகொண்டிருக்கும்போதே என்ஜின் தானாக இயங்கக்கூடும்.

மலைநகரங்களில் பல கராஜ்கள் வீதியோரச் சரிவில்தான் அமைந்திருக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் ஜெக்கால் தூக்கினாலோ, சரிவில் நிறுத்தினாலோ, சம்பின் (என்ஜினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டின்) வடிகால் நட்டுக்கு எதிர்ப்புறத்தில் பழைய ஒயில் தேங்கி நிற்கும். குழியோ, நான்கு சில்லையும் ஒன்றாகத் தூக்கும் ஹொயிஸ்டோ உள்ள இடத்தைத் தேடிப் போவது அதனால்தான். நூலாக வடிந்த ஒயில் சொட்டுச் சொட்டாகும் வரை பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள். அவசரத்தில் காற்றடித்து வெளியேற்றுவது தேவையற்றது. என்ஜின் ப்ளஷ் (என்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது) என்று தனியாகப் பணம் கேட்பதும், ஒழுங்காக ஒயில் மாற்றி வந்த காருக்குத் தேவையற்றது. காத்திருக்கும் நேரத்தில் சம்பின் அடியில் கல் பட்ட நெளிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நட்டைத் திரும்பப் பூட்டும் முன், "பாஸ், புது வொஷர் போடுங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம். நசுங்கிய பழைய வொஷரோடு கசிவை நிறுத்த இறுக்கி இறுக்கியே அலுமினியச் சம்பின் மரை தேய்ந்துவிடுகிறது. அந்தச் செலவு பத்து வொஷரின் விலையைவிடப் பல மடங்கு. முதலில் கையாலேயே நட்டை மரையில் ஏற்றி, பின்னர் அளவாக இறுக்க வேண்டும்.

பில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுவதே நல்லது. பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதனுடனேயே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது என்ஜினில் ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதைப் பூட்டினால் ஒயில் அழுத்தம் ஏறியதும் இரண்டு வளையமும் பிதுங்கி, கினிகத்தேனை இறக்கத்தில் ஒயில் முழுவதும் வீதியில் ஓடும். சுழற்றிப் பூட்டும் வகையானால், புதிய வளையத்தில் சிறிது ஒயில் தடவி, தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும்.

ஊற்றும்போது கையேட்டு அளவுக்கு அரை லீற்றர் குறைவாக ஊற்றி, என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை) துடைத்துப் பார்த்து, மீதியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் இடையில், மேற்கோட்டை ஒட்டி நிற்பதே சரியான மட்டம். ஒருமுறை, முகப்பு பள்ளத்தைப் பார்த்து நின்ற காரில் மட்டம் சரியென்று கேட்டுக்கொண்டு வீடு வந்தேன். மறுநாள் காலை முற்றத்துச் சீமெந்துத் தரையில் பார்த்தபோது மேற்கோட்டுக்கு மேல் ஒரு விரலளவு நின்றது. அந்த அளவுக்கு மிஞ்சினால் கிராங்க் (என்ஜினின் அடியில் சுழலும் தண்டு) அடித்து ஒயில் நுரைத்துவிடும். நுரைத்த ஒயில் உலோகத்தைக் காக்காது. அன்று மிகுதியை இறக்க இன்னொரு முறை பணம் கொடுத்தேன். கராஜில் சமதரை இல்லையென்றால், அருகிலுள்ள எரிபொருள் நிலையத்தின் கொங்கிறீட் தளத்திலாவது நிறுத்திப் பார்த்துவிட்டே வீடு திரும்புங்கள்.

பழைய ஒயிலைக் கானில் (வடிகாலில்) ஊற்றவிடாதீர்கள். நம் கான்கள் எல்லாம் கொத்மலை ஓயா போன்ற ஆறுகளில்தான் முடிகின்றன. அந்த நீரைத்தான் கீழே குடிக்கிறார்கள். பழைய ஒயிலை பீப்பாவில் சேர்த்து, சேகரிப்பவரிடம் ஒப்படைக்கும் கராஜைத் தேர்வது உங்கள் கையில் இருக்கிறது.

பற்றுச்சீட்டில் ஒயிலின் பெயர், தரம், ஊற்றிய லீற்றர், மீற்றரில் ஓடிய தூரம் ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். மிஞ்சிய ஒயில் உங்களுடையது. கேனோடு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அன்றிரவு காரின் அடியில் ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து வைத்தால், விடியும்போது கசிவு தெரிந்துவிடும். சில வாரங்கள் கழித்து ஒயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவைக் கண்டால் உடனே பதற வேண்டாம்: குளிரில் சிறு ஓட்டம் மட்டுமே ஓடும் காரில் ஈரம் அப்படிப் படிவதுண்டு, ஒரு நீண்ட ஓட்டத்தில் அது பெரும்பாலும் மறையும். டிப்ஸ்டிக்கிலும் அதே வெண்மை தெரிந்து, ரேடியேற்றர் நீரும் குறைந்தால், காரை ஓட்டாமல் பாஸை வீட்டுக்கு அழையுங்கள்.